காலிங் பெல்லில் பதிவான எங்கப்பா

அந்தக் காலிங் பெல்லை மாட்டிக் கொடுத்தது நான்தான். நடந்ததைச் சொல்ல ஆரம்பித்தாலே சிலர், "உங்களுக்கு அந்த மிஷினப் பத்திச் சரியாத் தெரியாம இருக்கும்" என்கிறார்கள். எனக்கு நன்றாகத் தெரியும். அதன் அட்டைப்பெட்டியைப் பிரித்தது நான். அதை வைஃபையில் சேர்த்தது நான். எந்தப் பக்கம் பார்க்க வேண்டும் என்று திருப்பி வைத்ததும் நான்தான்.

அப்போது நாங்கள் கள்ளக்குறிச்சியில், கச்சிராயபாளையம் சாலையிலிருந்து உள்ளே பிரிகிற ஒரு தெருவில் மாடி வீட்டில் குடியிருந்தோம். என் கணவருக்குக் கரும்பு ஆலையில் ஷிப்ட் வேலை. எனக்கு ஒரு தனியார் மருத்துவமனையின் ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை. கீழே ஓனரம்மா தனியாக இருந்தார். கணவர் இறந்த பிறகு, மணலூர்பேட்டைப் பக்கம் இருந்த நெல் வயலைக் குத்தகைக்கு விட்டுவிட்டு டவுனுக்கு வந்தவர். ஒரே மகன், சென்னையில் கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை. ஓனரம்மா நல்ல மனுஷிதான். மீன் குழம்பு வைத்தால் ஒரு கிண்ணம் மேலே வரும். நான் அவ்வப்போது அவருக்குச் சர்க்கரை பார்த்துச் சொல்வேன்.

பக்கத்துத் தெருவில் ஒரு பெண்ணின் கழுத்துச் சங்கிலியை பைக்கில் வந்தவர்கள் அறுத்துக்கொண்டு போன பிறகு மகனுக்குப் பயம் வந்துவிட்டது. கேமரா வைத்த காலிங் பெல் ஒன்றை ஆன்லைனில் வாங்கி அம்மா பெயருக்கு அனுப்பினார். பார்சல் வந்த அன்றே எனக்கு வீடியோ கால் வந்தது.

"அக்கா, அம்மாவுக்கு இதெல்லாம் ஒண்ணும் புரியாது. நீங்கதான் கொஞ்சம் செட் பண்ணிக் குடுக்கணும்."

ஞாயிற்றுக்கிழமை காலையில் வேலையை ஆரம்பித்தோம். பெல்லைச் சார்ஜில் போட்டேன். கேட் தூணில் என் கணவர் டிரில் வைத்துத் துளை போட்டார். ஓனரம்மா போனில் இடமே இல்லை. முழுக்கக் குட்மார்னிங் படமும் சமையல் வீடியோவும். அதனால் ஆப்பை முதலில் என் போனில் ஏற்றி, மகன் சொன்ன பாஸ்வேர்டைப் போட்டேன். அந்த வீட்டு வைஃபைக்கு இரண்டு பெயர் வரும். பெல்லுக்கு வேகம் கம்மியான வைஃபைதான் ஒத்துக்கொள்ளும் என்று தெரியாமல் மற்றதோடு வெகுநேரம் மல்லுக்கு நின்றோம். பிறகு போனில் வந்த கட்டம்போட்ட படத்தை அந்தப் பெல்லின் கண்ணுக்கு நேராகக் காட்டினேன். 'டொய்ங்' என்று ஒரு சத்தம். உள்ளிருந்து ஒரு பெண் குரல் ஆங்கிலத்தில் என்னவோ சொன்னது. ஓனரம்மா கை தட்டினார்.

"கேட்டுக்கு வர்றவங்க ஃபுல்லாத் தெரியணும்க்கா. கொஞ்சம் ரோடும் தெரியணும்," என்றார் மகன். அவர் சொன்னபடியே அடியில் சாய்வுக் கட்டை வைத்து முடுக்கினேன். கேட் முன்னால் ஆள் நின்றால் தானாகவே படம் பிடிக்கும். அவர் போனுக்குச் செய்தி போகும். அங்கிருந்தே அவர் பேசலாம், வந்தவரும் பதில் பேசலாம். சோதித்துப் பார்க்க ஓனரம்மாவை வெளியே அனுப்பினோம். அவர் பெல்லில் மூக்கை ஒட்டிக்கொண்டு, "டேய், தெரியறனாடா?" என்று கேட்டார். அந்தக் கண்ணாடி கிட்டே வருகிறவர்களின் மூக்கைப் பெரிதாக்கி, கண்ணை ஓரத்துக்குத் தள்ளிவிடும். போனில் பார்த்தால் ஓனரம்மாவே யாரோ திருடி மாதிரி இருந்தார். எல்லோரும் சிரித்தோம்.

எல்லாம் முடிந்ததும் மகன் சொன்னார்: "தேங்க்ஸ்க்கா. ஓகே, இப்ப உங்க போன்லேருந்து லாக் அவுட் பண்ணிடுங்க. பிரைவசி இருக்குல்ல."

யாருடைய பிரைவசி என்று அன்றைக்கு நான் கேட்கவில்லை. பாஸ்வேர்ட் அவருடையது, நியாயம்தானே என்று வெளியே வந்துவிட்டேன்.

ஒரு வாரம் போவதற்குள் எனக்கு மெசேஜ்கள் வர ஆரம்பித்தன. "அக்கா, அண்ணன் காலைல கேட்ட சரியா சாத்தாமப் போயிட்டாரு." "அக்கா, நேத்து ரெண்டு லேடீஸ் வந்தாங்களே, யாரு?" வந்தவர்கள் என்னோடு வேலை பார்ப்பவர்கள், கல்யாணப் பத்திரிகை வைக்க வந்தார்கள். அதை எதற்கு நான் சென்னையில் இருக்கிற ஒருவருக்கு விளக்க வேண்டும்? எரிச்சலோடு கணவரிடம் சொன்னேன்.

"வாடகை வூடுன்னா அப்டித்தான் இருக்கும். சும்மா வுடு," என்றார்.

விட்டேன்.

எங்கப்பா கல்வராயன் மலையில், வெள்ளிமலையைத் தாண்டி உள்ளே இருக்கிறார். என் அம்மா, தம்பியோடு சாமையும் மரவள்ளியும் போடுகிறார். வருஷத்தில் சில முறை பஸ் ஏறிக் கீழே வருவார். சொல்லிவிட்டு வருகிற பழக்கம் கிடையாது. எங்கள் ஊரில் போன் பேச வேண்டும் என்றால் பள்ளிக்கூடத்துக்குப் பின்னால் இருக்கிற பாறை மேல் ஏறி நிற்க வேண்டும். அதற்கு நேரில் வந்துவிடுவது சுலபம் என்பார்.

அந்த முறை பலாப்பழத்தைச் சாக்கில் கட்டித் தோளில் போட்டுக்கொண்டு வந்தார். ஓனரம்மா உறவுக்காரக் குழந்தைக்குக் காதுகுத்து என்று மணலூர்பேட்டை போயிருந்தார். நாங்கள் இருவரும் வேலையில். பூட்டிய வீட்டைப் பார்த்துவிட்டு அப்பா நேராக ஆஸ்பத்திரிக்கு வந்தார். வாட்ச்மேன் என்னைக் கூப்பிட்டு அனுப்பினார்.

"வூட்டுக்குப் போனியாப்பா?"

"போனன் பாப்பா. ஒரு தம்பி பேசுனாப்ல. உள்ள எங்கியோ கீறாரு போல. ஆளுதான் வெளிய வர்ல."

"இன்னா கேட்டாரு?"

"யாரு இன்னான்னு கேட்டாரு. சொன்னன். அப்பறம் பேச்சக் காணோம். சரி, இன்னா வேலையா கீறாரோன்னு நானு இங்க வந்துட்டன்."

சொல்லிவிட்டு, பழம் நாளைக்குள் பழுத்துவிடும், வெட்டும்போது கையில் எண்ணெய் தடவிக்கொள் என்றார். அவருக்கு ஒரு டீ வாங்கிக் கொடுக்கத்தான் எனக்கு நேரமிருந்தது. அடுத்த பஸ்ஸில் மலைக்குத் திரும்பிவிட்டார்.

மறுநாள் எங்கள் தெருவிலேயே சொந்த வீட்டில் இருக்கிற நர்ஸ் ஒருத்தி, ரத்த மாதிரிகளைக் கொடுக்க லேபுக்கு வந்தவள் போனை நீட்டினாள். "எக்கா, இந்த ஆள பாத்தியா? நம்ம தெருல சுத்திக்கினு கீறானாம். வூட்டப் பூட்டிட்டு வந்தியா?"

தெருவுக்கென்று ஒரு வாட்ஸ்அப் குரூப் இருக்கிறது. சொந்த வீட்டுக்காரர்கள் மட்டும்தான் அதில் உண்டு; வாடகைக்கு இருக்கிறவர்களைச் சேர்ப்பதில்லை. அதில் வந்திருந்த வீடியோவில் எங்கப்பா இருந்தார். கேட்டை எட்டிப் பார்க்கிறார். மாடியை அண்ணாந்து பார்க்கிறார். சாக்கைக் கீழே இறக்கிவிட்டு, துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, தாழ்ப்பாளில் கை வைக்கிறார். அவ்வளவுதான் வீடியோ. மேலே ஓனரம்மாவின் மகன் எழுதியிருந்தார்: 'நம்ம தெருவில் சந்தேகப்படும்படியான ஒரு நபர். சாக்குப்பையுடன் பூட்டிய வீடுகளை நோட்டம் விடுகிறார். எச்சரிக்கை. ஷேர் செய்யவும்.'

கீழே ஆட்கள் வரிசையாகப் பேசியிருந்தார்கள். 'மலையிலேர்ந்து எறங்கி வர்றவனுங்க இப்பல்லாம் ஜாஸ்தி ஆயிட்டானுங்க' என்று ஒருவர். 'அடுத்த தபா வந்தா புடிச்சுக் கட்டி வையுங்க, நாங்க வந்துடறோம்' என்று இன்னொருவர். அதற்கு ஆறேழு பேர் கட்டைவிரலைத் தூக்கியிருந்தார்கள்.

"எக்கா, இன்னாச்சு? மூஞ்சே மாறிப்போச்சு?"

"அது எங்கப்பா."

அவள் போனைப் பிடுங்கிக்கொண்டு, "ஐயோ, ஐயோ" என்றாள். ரத்தம் எடுக்க வேண்டிய நோயாளி எதிரே கையை நீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். கூட வேலை செய்கிறவரை எடுக்கச் சொல்லிவிட்டு எழுந்து வெளியே போனேன்.

அப்பா போட்டிருந்த சட்டை நான் பொங்கலுக்கு எடுத்துக் கொடுத்தது. மகள் வீட்டுக்குள் வியர்வை முகத்தோடு போகக்கூடாது என்று துடைத்துக்கொண்ட மனிதரைப் பார்த்து, நோட்டம் விடுகிறார் என்று எழுதியிருக்கிறார்கள். கட்டி வைக்கச் சொல்கிறார்கள். நிஜமாகவே கட்டி வைத்திருந்தால்? அப்பா வேகமாகப் பேசத் தெரியாதவர். நாலு பேர் சூழ்ந்து அதட்டினால் சும்மா நின்றுவிடுவார்.

சாயங்காலம் நேராக ஓனரம்மாவிடம் போனேன். மணலூர்பேட்டையிலிருந்து அப்போதுதான் வந்து புடவையைக்கூட மாற்றாமல் உட்கார்ந்திருந்தார்.

"உங்கப்பாவா? ஐயையோ, எம்மா, எனக்கு ஒண்ணும் தெரியாதும்மா. நானு அந்த போன்ல எதயும் பாக்கறதே கெடையாது," என்றார். அது உண்மைதான். அவர் போனை வாங்கிக் கொஞ்சம் இடம் ஒழித்து, மகனிடம் கேட்டு நான்தான் அதிலும் அந்த ஆப்பை ஏற்றி வைத்திருந்தேன். அவர் திறந்ததே இல்லை.

"போனக் குடுங்கம்மா," என்று வாங்கினேன். பதிவுகள் வரிசையாக எங்கே இருக்கும் என்று எனக்குத் தெரியும். குரூப்பில் போட்டதற்கு அடுத்தாற்போல இன்னொரு பதிவு இருந்தது.

அதில் முதலில் மகனின் குரல்: "யாருய்யா அது? கேட்ட தொடாத! கைய எட்றா... தள்ளிப் போ!"

அப்பா திடுக்கிட்டுக் கையை எடுக்கிறார். சத்தம் எங்கிருந்து வருகிறது என்று தேடுகிறார். ஜன்னலைப் பார்க்கிறார், மாடியைப் பார்க்கிறார். பிறகு தூணருகே வந்து குனிகிறார். இப்போது அவர் முகம் திரை முழுக்க.

"தம்பி, எம் பொண்ணு மேல் வூட்டுல கீறா. ஆஸ்பத்திரில ரத்தம் எடுக்குற வேல. நானு அவளோட அப்பன். மலைலேருந்து வரன்."

பதில் இல்லை. அதட்டிவிட்டு அந்தப் பக்கம் எப்போதோ துண்டித்தாகிவிட்டது. அது தெரியாமல் அப்பா நிற்கிறார்.

"தம்பி..." என்கிறார் மறுபடியும். காத்திருக்கிறார். "சரிங்க தம்பி. நானு ஆஸ்பத்திரிக்கே போய்க்கிறன்." லேசாகத் தலையை ஆட்டிவிட்டுச் சாக்கைத் தூக்குகிறார்.

யாரு இன்னான்னு கேட்டாரு என்று அப்பா என்னிடம் சொன்னது இதைத்தான். 'கைய எட்றா' என்றதை அவர் எனக்குச் சொல்லவே இல்லை.

ஓனரம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டார். எனக்கு அழுகை வரவில்லை. அவர் போனிலிருந்தே மகனைக் கூப்பிட்டேன்.

"சாரிக்கா. ஆக்சுவலா நான் மீட்டிங்ல இருந்தேன். அலர்ட் வந்துச்சு. அம்மாவும் ஊர்ல இல்ல. ஒரு சேஃப்டிக்குத்தான் போட்டேன். உங்க அப்பான்னு எனக்கு எப்படித் தெரியும்?"

"கேட்டிருந்தாத் தெரியும் தம்பி. அவரு பதில் சொல்லிருக்காரு. நீங்க கேக்கல."

"கட் ஆயிடுச்சுக்கா. அவரு பாக்கவும் ஒரு மாதிரியா இருந்தாரா..."

"ஒரு மாதிரின்னா எந்த மாதிரி?"

"அது வந்துக்கா..."

"சொல்லுங்க தம்பி. எந்த மாதிரி?"

"அப்படி இல்லக்கா. சாக்கு வேற வெச்சிருந்தாரு..."

"சாக்குல பலாப்பழம் இருந்துச்சு. உங்கம்மாவுக்கும் பாதி வெட்டி வெச்சிருக்கேன்."

"சரிக்கா, டெலீட் பண்ணிடறேன், விடுங்க."

"டெலீட் பண்ணாப் பத்தாது. தப்பாப் போட்டுட்டேன், இவரு எங்க மாடி வூட்டு அக்காவோட அப்பா, மன்னிச்சுக்கங்கன்னு அதே குரூப்ல போடுங்க."

"அக்கா, அதப் போட்டா எனக்கு ஒரு மாதிரி இருக்குமே."

மறுபடியும் அதே வார்த்தை. நான் போனை ஓனரம்மா கையில் கொடுத்துவிட்டு மேலே வந்துவிட்டேன். இன்னும் ஒரு நிமிஷம் நின்றிருந்தால் என் வாயில் என்ன வந்திருக்கும் என்று எனக்கே தெரியாது.

கணவர் வேலை முடிந்து வந்ததும் எல்லாம் சொன்னேன். அவருக்கும் கோபம்தான். ஆனால் அவர் கோபம் சோறு போட்டால் அடங்கிவிடும் ரகம். "டெலீட் பண்ணிட்டான் இல்ல? நாம இங்கதான இருக்கணும்? பெருசாக்காத," என்றார்.

"பெருசாக்கினது நானா?" என்று கேட்டேன்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை, ஓனரம்மா போனிலிருந்து அந்த இரண்டாவது வீடியோவை என் போனுக்கு அனுப்பிக்கொண்டு தெருவில் இறங்கினேன். ஒவ்வொரு வீட்டுக் கேட்டிலும் நின்று கூப்பிட்டேன். "குரூப்புல ஒருத்தரு வீடியோ வந்துச்சே, பாத்தீங்களா? அவரு எங்கப்பா. இதக் கொஞ்சம் கேளுங்க," என்று போனை நீட்டினேன்.

சிலர் உண்மையாகவே வருத்தப்பட்டார்கள். ஒரு வீட்டில் உட்கார வைத்துக் காபி கொடுத்தார்கள். அந்த வீட்டம்மா அப்பாவின் குரலைக் கேட்டுவிட்டு, "பாவம்மா, எவ்ளோ மரியாதயாப் பேசறாரு," என்றார். மரியாதையாகப் பேசாவிட்டால் கட்டி வைக்கலாமா என்று கேட்க நினைத்துக் காபியைக் குடித்தேன். ஒரு வீட்டில் ஜன்னலைத் திறந்து பார்த்துவிட்டு மூடிக்கொண்டார்கள். ஒருவர், "எங்கிட்ட எதுக்கும்மா சொல்ற, நானு ஃபார்வேர்டுதான் பண்ணேன்," என்றார்.

கடைசி வீட்டில், அரசாங்க வேலையில் இருந்து ஓய்வு பெற்ற பெரியவர் வீடியோவை முழுக்கப் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு என்னைப் பார்த்துச் சொன்னார்: "நீங்க மலைக்காரங்களா? பாத்தாத் தெரியலயே!"

பாராட்டாகத்தான் சொன்னார். முகமெல்லாம் சிரிப்பு. நான் மலையில் உண்டு உறைவிடப் பள்ளியில் படித்து, சேலத்தில் லேப் படிப்பு முடித்து, இந்த ஊர்க்காரர்கள் பாதிப் பேருக்கு ரத்தம் எடுத்திருக்கிறேன். இவருக்கே எடுத்திருக்கிறேன். "தெரிஞ்சா இன்னா பண்ணிருப்பீங்க?" என்று கேட்டேன். சிரிப்பு போய்விட்டது. "இல்லம்மா, சும்மா சொன்னேன்," என்று கேட்டைச் சாத்தினார்.

அன்று மாலையே யாரோ சென்னைக்குப் போன் போட்டுச் சொல்லியிருக்க வேண்டும். குரூப்பில் மகன் ஒரு செய்தி போட்டதாக நர்ஸ் காட்டினாள். ஆங்கிலத்தில் இரண்டே வரி. மேற்படி நபர் அடையாளம் காணப்பட்டார், வாடகைதாரரின் விருந்தினர், பிரச்சினை ஏதுமில்லை என்று அர்த்தம். மன்னிப்பு என்ற சொல் இல்லை. தான் செய்தது தப்பு என்பதும் இல்லை. போலீஸ் ஸ்டேஷனில் பிணத்தைப் பற்றி எழுதுவதுபோல அடையாளம் காணப்பட்டாராம். அதற்கும் நிறையப் பேர் கட்டைவிரலைத் தூக்கியிருந்தார்கள்.

ஓனரம்மா மட்டும் சும்மா இருக்கவில்லை. எழுதத் தெரியாது என்பதால் குரலாகப் பேசி குரூப்பில் போட்டார். "இது நம்ம மாடி வூட்டுப் பொண்ணோட அப்பா. நல்ல மனுசன். எம் பையன் தெரியாமப் பண்ணிட்டான். யாரும் தப்பா நெனக்காதீங்க." இதைக் கேட்டு மகனுக்கு அம்மா மேல் கோபம் என்று பிறகு அவரே சொன்னார். "எங்கிட்ட ரெண்டு நாளு பேசலம்மா அவன். பேசாட்டிப் போறான்," என்றார். அவர் மேல் எனக்கிருந்த வருத்தம் அதோடு போயிற்று.

ஆடி மாதம் மாரியம்மன் திருவிழாவுக்கு மகன் ஊருக்கு வந்தார். ஸ்வீட் பெட்டியோடு மேலே ஏறி வந்து நின்றார். நேரில் பார்க்க ரொம்பச் சின்னவராக இருந்தார்.

"அக்கா, அன்னிக்கி நடந்ததுக்கு சாரி. மனசுல வெச்சுக்காதீங்க."

"எங்கிட்ட சொல்லாதீங்க தம்பி. எங்கப்பாகிட்ட சொல்லுங்க."

"நம்பர் குடுங்கக்கா, பேசிடறேன்."

"அங்க சிக்னல் கெடைக்காது. மலைக்கு பஸ் போவுது. நேர்ல போயி சொல்லுங்க. ஊரு பேரு சொல்றேன்."

"கண்டிப்பாக்கா," என்றார். ஊர் பெயரைப் போனில் குறித்துக்கொண்டார்.

போனார். இரண்டு நாள் கழித்து அவர் ஸ்டேட்டஸில் படங்கள் வந்தன. நண்பர்களோடு காரில் கல்வராயன் மலைக்குப் போய் அருவியில் குளித்திருக்கிறார். நனைந்த தலையோடு, கறுப்புக் கண்ணாடியோடு, மலைப்பாதை வளைவுகளில் நின்று எடுத்த படங்கள். ஒரு படத்தில் பின்னால் எங்கள் ஊருக்குப் பிரிகிற பாதையே தெரிந்தது. அங்கிருந்து எங்கள் வீடு நடக்கிற தூரம். நான் அந்தப் படத்தைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தேன். கணவர், "வுட்டுத் தொல," என்று என் போனைப் பிடுங்கி வைத்தார். ஸ்வீட் பெட்டியைப் பிரிக்காமலே தெருவைக் கூட்ட வருகிற அம்மாவிடம் கொடுத்துவிட்டேன்.

அப்பாவுக்கு இந்த விஷயமெல்லாம் தெரியாது என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அவரிடம் நான் மூச்சு விடவில்லை. பாறை மேல் ஏறிப் பேசும்போதெல்லாம் சாமை எப்படி இருக்கிறது, அம்மாவுக்கு முழங்கால் வலி தேவலையா என்று கேட்பதோடு சரி.

புரட்டாசியில் ஒரு விடுமுறை நாள். மாடியில் துணி உலர்த்திக்கொண்டிருந்தேன். கீழே அப்பாவின் குரல் கேட்டது. எட்டிப் பார்த்தேன். கேட்டுக்கு வெளியே, தூணிலிருந்து நன்றாகத் தள்ளி நின்றுகொண்டிருந்தார். கேட்டில் கை வைக்கவில்லை. கொண்டுவந்த பையை வாய் திறந்து தெரியும்படி கால் பக்கத்தில் வைத்திருந்தார். பெல்லைப் பார்த்து, பள்ளிக்கூடப் பிள்ளை ஒப்பிப்பதுபோலச் சத்தமாகச் சொல்லிக்கொண்டிருந்தார்: தன் பெயர், தன் அப்பா பெயர், ஊர், மேல் வீட்டில் இருப்பவள் தன் மகள், அவள் எங்கே வேலை பார்க்கிறாள், பையில் சீதாப்பழம் இருக்கிறது என்பது வரைக்கும். சொல்லி முடித்துவிட்டு, உத்தரவு வரும் என்று காத்துக்கொண்டிருந்தார். போகிற வருகிறவர்கள் திரும்பித் திரும்பிப் பார்த்தார்கள்.

ஈரத் துணியைப் போட்டுவிட்டு ஓடினேன். கேட்டைத் திறந்து கையைப் பிடித்து உள்ளே இழுத்தேன்.

"இன்னாப்பா பண்ற? யாரு உன்ன இப்டி சொல்லச் சொன்னது?"

"சொல்லிட்டு வந்துட்டா ஒரு தொல்ல இல்ல பாரு," என்றார். மாடிப்படி ஏறும்போது என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார்: "உன் தம்பி காட்டுனான் பாப்பா. வெள்ளிமலைல ஆரோ போன்ல அந்தப் படம் வந்துச்சாம். கடைல நாலு பேரு பாத்துட்டு, இது நம்ம ஆளாச்சேன்னு கூப்ட்டுச் சொன்னாங்க."

மலைக்கே போயிருக்கிறது. டெலீட் செய்த வீடியோ கை மாறி மாறிப் பஸ் ஏறாமலே எங்கள் ஊர்க் கடைக்குப் போய்ச் சேர்ந்திருக்கிறது. அப்பா அந்தக் கடையில்தான் தினமும் டீ குடிக்கிறவர். அங்கே எல்லோர் எதிரிலும், சந்தேகப்படும்படியான நபர் என்று எழுதியதை யாரோ அவருக்குப் படித்துக் காட்டியிருக்கிறார்கள். இத்தனை மாதமாக நான் அவரிடம் மறைத்தேன் என்றால், அவரும் என்னிடம் மறைத்திருக்கிறார். இனிமேல் மகள் வீட்டுக்குப் போனால் என்ன செய்ய வேண்டும் என்று தனியாக உட்கார்ந்து யோசித்து, இப்படி ஒரு வழி கண்டுபிடித்து வந்திருக்கிறார்.

அன்று சாயங்காலம் அவரைப் பஸ் ஏற்றிவிட்டு வந்து கணவரிடம், "வேற வூடு பாக்கணும்," என்றேன். அவர் ஏன் என்று கேட்கவில்லை. ஓனரம்மாவிடம் நானே போய்ச் சொன்னேன். "அந்தப் பெல்லக் கழட்டிடச் சொல்றம்மா, இருந்துக்கயேன்," என்று கையைப் பிடித்துக்கொண்டார். அவர் சொன்னாலும் மகன் கழற்ற விடமாட்டார் என்பது அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

வீடு தேடியதை எழுதினால் அது ஒரு தனிப் புராணம். சொந்த ஊர் எது என்று கேட்டவர்களிடம் முதல் வார்த்தையிலேயே மலை என்று சொன்னேன். கொடுக்கிறோம் என்று சொன்ன இரண்டு பேர் மறுநாள் வேறு ஆளுக்குச் சொல்லிவிட்டதாகச் சொன்னார்கள். சின்னசேலம் போகிற சாலைப் பக்கம், பஸ் ஸ்டாண்டிலிருந்து தூரமாக, தண்ணீர் சரியாக வராத ஒரு தனி வீடு கிடைத்தது. எடுத்துக்கொண்டோம்.

அப்பா முதல் முறை அங்கே வந்தபோது நான் வாசலிலேயே நின்றிருந்தேன். அவர் கேட் வரைக்கும் வந்து நின்றுவிட்டார். கதவுக்கு மேலே பார்த்தார். சுவரின் இரண்டு பக்கமும் பார்த்தார்.

"இங்க எங்க நின்னு சொல்லணும்?" என்று கேட்டார்.

"எங்கயும் சொல்ல வேணாம். உள்ள வாப்பா."

செருப்பை விட்டுவிட்டு உள்ளே வந்து உட்கார்ந்து, தண்ணீர் கேட்டார். குடித்துவிட்டு வீடு காற்றோட்டமாக இருக்கிறது என்றார். அவர் அதோடு மறந்துவிட்டார் என்றே நினைக்கிறேன், அல்லது மறந்ததுபோல இருக்கிறார். எனக்குத்தான் இன்னும் ஆறவில்லை.